திரும்பாத வண்டி

லீலாவதி நிலாவை ஒரு தார்ப்பாயில் விரித்திருந்தாள். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையிலிருந்து அண்ணி காளியம்மா மூன்று சாக்குச் சாம்பல் அள்ளி, பஸ் கண்டக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, கோலா சிலாங்கூர் மண்டபம் வரை கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

1985இல் இளைஞர் மன்றம் நடத்திய அறிவியல் கண்காட்சி அது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ரஷ்யர்கள் நிலாவில் ஓட்டிய ஆளில்லா வண்டி எந்த வழியாகப் போனது என்று காட்டுவது லீலாவின் பொறுப்பு. பத்திரிகையில் வந்த சின்னப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சாம்பலில் பெரிதாக்கினாள். பள்ளங்களைக் காளியம்மா கிண்ணத்தால் அழுத்திக் கொடுத்தாள். வண்டி போன தடத்தை மட்டும் லீலா யாரையும் தொடவிடாமல் கோலமாவில் தானே இழுத்தாள்.

இத்தனை மெனக்கெட்டது நிலாவுக்காக ஒன்றுமில்லை. பார்வையிட வரும் பாலகிருஷ்ணன் கிள்ளானில் நில அளவை அலுவலகம் வைத்திருந்தார். வரைபடம் போட ஆள் தேடுகிறார் என்று பேச்சு. அது கிடைக்காவிட்டால் அண்ணியோடு ரப்பர் பாலெடுக்க, பால்மரம் வெட்டத்தான் போக வேண்டும்.

பாலகிருஷ்ணன் வந்தார், குனிந்தார், வரைந்த கை சுத்தமாக இருக்கிறது என்றார். லீலா கடகடவென்று ஒப்பித்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது, அதன் மேல் மண் விழுந்தது, சூடு தாங்காமல் பழுதாகிவிட்டது, இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

அவர் தடத்தைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே வந்தார்.

“அங்கயே நின்னுருச்சுன்னா, இந்தக் கோடு எப்படிம்மா பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வருது?”

லீலா அப்போதுதான் பார்த்தாள். கோலத்தில் இழையை முடிக்காமல் விடக்கூடாது, வீட்டுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்து வாசலில் பழகிய கை, நிலாவிலும் கோட்டைக் கொண்டுபோய்த் தொடங்கிய இடத்திலேயே சேர்த்துவிட்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“அது எங்க அண்ணி போட்டது சார்,” என்றாள். “நான் கவனிக்கல.”

சாக்கை மடித்துக்கொண்டிருந்த காளியம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். வந்து குந்தி, வேண்டாத கோட்டின் மேல் சாம்பலைத் தூவி மறைத்தாள். பாலகிருஷ்ணன் லீலாவைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

ஜெராம் பஸ்ஸில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தபோது லீலாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணி தெரிந்தே தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. கொலைக் குற்றமா செய்துவிட்டாள்? ஒரு கோடு. அதை ஒத்துக்கொள்ள இந்தப் பெண்ணுக்கு ஊர் நெருங்கும் வரை வாய் வரவில்லை.

“அண்ணி, மண்டபத்துல...” என்று ஒருவழியாகத் தொடங்கினாள்.

காளியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“நானே கேக்கணும்னு இருந்தேன் பாப்பா. எப்ப அதுல கைய வச்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். கெடைக்கிற வேலையக் கெடுக்கப் பாத்தேனே. மனசுல வச்சுக்காத.”

லீலாவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பரவாயில்ல அண்ணி,” என்றாள்.