மர்மமும் மர்மரும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகளின் பள்ளிக்கூடத்தில் உடம்பைப் பரிசோதித்துக் கொடுத்தனுப்பிய சீட்டில், இதயம் என்ற இடத்துக்கு நேரே கோழி கிளறியது போல ஒரே ஒரு வார்த்தை. கூட்டிப் பார்த்தான். மர்... மர். மர்மம் என்று எழுத வந்த டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டாரோ?

போனில் தேடினான். இதயத்தில் கேட்கும் கூடுதல் சத்தம் என்று வந்தது. அதற்குமேல் படிக்கத் தைரியம் இல்லை. ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தே பழுது கண்டுபிடிக்கிறவன் அவன். பதினாலு வருஷத்தில் சும்மா சத்தம் போட்ட மெஷின் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. போன வருஷம்தான் அவளுடைய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவே இல்லை. "குட்டிக்குப் பல் ஆடுது, டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன்" என்று அவளிடம் சொல்லி, லீவு போட்டுவிட்டு மகளை இதய டாக்டரிடம் கூட்டிப் போனான்.

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் வாயாடி என்றுதான் பெயர். இதய டாக்டரம்மா நெஞ்சில் ஜில்லென்று ஏதோ தடவியதும் கெக்கெக்கே என்று சிரித்தாள். அவனோ திரையில் நெளிந்த கறுப்பு வெள்ளைப் படத்தை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓட்டை ஒண்ணும் இல்ல. வால்வெல்லாம் ஒழுங்கா மூடுது" என்றார் டாக்டரம்மா. "தைரியமா இருங்க."

"அப்போ அந்த மர்மம், டாக்டர்?"

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. சீட்டைக் காட்டினான். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"வாய மூடிக்கிட்டு ம்ர்ர்... ம்ர்ர்...னு சொல்லுங்க."

வாயாடி முந்திக்கொண்டாள். "ம்ர்ர்... ம்ர்ர்..."

"அவ்வளவுதான் அந்த வார்த்தை. லத்தீன்லேர்ந்து வந்தது. காதுல விழுந்த சத்தத்தையே அப்பவே பேரா வச்சுட்டாங்க. நாம முணுமுணுன்னு சொல்றோமே, அதே மாதிரி. இது வியாதியோட பேர் இல்ல, சத்தத்தோட பேர். சில பேருக்குப் பழுதாலயும் வரும். அதனாலதான் படம் எடுத்துப் பார்க்கிறோம். இவளுக்கு ரத்தம் வேகமா ஓடுற சத்தம், அவ்வளவுதான். வளர வளர அதுவே அடங்கிடும்."

ஸ்டெதஸ்கோப்பை அவன் காதில் மாட்டினார். லப் டப்புக்கு நடுவே மெல்லிய ஒரு புஸ்... புஸ். கண்ணில் நீர் முட்டியது.

"யாரப்பா உள்ள முணுமுணுக்கிறது? என்னைத் திட்டுதா?" என்றாள் வாயாடி.

"உன்னைத் திட்ட யாருக்குடி தைரியம் இருக்கு?"

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் போட்டு உடைத்தாள். "அம்மா, என் நெஞ்சு முணுமுணுக்குதாம்! டிவில காட்டினாங்க!"

"பல் டாக்டருக்கு நெஞ்சுல என்ன வேலை?" மனைவி அவனைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னான். அவள் மகளை இழுத்து மடியில் போட்டு, நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் காதை எடுக்கவில்லை. வாயாடிகூட வாயைத் திறக்கவில்லை.

"எத்தனை நாளா இதை வச்சுக்கிட்டு இருந்தே?"

"மூணு நாள்."

"அதான் சோறு இறங்கலையா?" மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். "உன் ஒருத்தனுக்கு மட்டுந்தான் இவ பொண்ணா? இனிமே பயந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படுவோம்."

அவன் தலையாட்டினான்.

"தலைய ஆட்டினது போதும். கை கழுவிட்டு வா, தட்டு வைக்கிறேன்" என்று எழுந்து போனவள், அடுக்களையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டே அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.