காமன் பாராகிராஃப்

முன் வரிசைகள் எல்லாம் காலியாகக் கிடந்தும் ஐயாதுரை நேராகக் கடைசி வரிசைக்குப் போய், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். அது மகளின் உத்தரவு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் பைக்கை விட்டு இறங்கும்போதே தர்ஷிகா சொல்லிவிட்டாள். "அப்பா, பின்னாடி உக்காந்துக்கோங்க. யாரு கூப்பிட்டாலும் மேடைக்கு வராதீங்க. முடிஞ்சதும் நானே வாரேன்." இந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அப்பா அம்மா பக்கத்தில் நின்றாலே கூச்சம்தான் என்று முதலில் சிரித்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து செத்த நேரம் ஆன பிறகுதான் அந்தப் பேச்சு உள்ளே முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. அங்கே நடப்பது ஆங்கில வாசிப்பு விழா. அவரோ இராஜபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலை நரைக்கும்வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறவர். வராதீர்கள் என்று மகள் சொல்ல வேண்டிய இடமா இது?

விழாவுக்கு அவர் மனைவிதான் வருவதாக இருந்தது. மம்சாபுரத்தில் தங்கச்சி வீட்டு வளைகாப்பு வந்து குறுக்கே விழுந்துவிட்டது. "அப்பா வருவாங்க" என்று அம்மா சொன்னபோது தர்ஷிகாவின் முகம் போன போக்கை ஐயாதுரை பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி பேப்பரைத் திருப்பினார். தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மகளைத் தினமும் வேனில் ஏற்றி இங்கே அனுப்புகிறாரே, ஏன் சார் என்று சக ஆசிரியர்கள் கேட்டால் "வீட்ல பிடிவாதம்" என்று மனைவி தலையில் போட்டுவிடுவார். உண்மையில் அந்த முடிவை எடுத்தது அவர்தான். தன் வகுப்பில் என்ன நடக்கிறது என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

அவர் நடத்துவது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. ஒன்பதாம் வகுப்பில் தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம். ஆயுசில் காய்ச்சல் கண்டிராத பிள்ளையும் அதில் காய்ச்சல் என்றுதான் எழுதும். வயிற்றுவலி என்று எழுத அவர் சொல்லிக்கொடுத்ததில்லை. பத்தில் மனப்பாடச் செய்யுள். பாட்டில் அழுகிறவள் யார், எதற்காக அழுகிறாள் என்றெல்லாம் கேட்கமாட்டார்; கமா எங்கே வருகிறது என்று கேட்பார். பதினொன்றில் ஒரு பத்தியைக் கொடுத்துக் குறிப்பெடுக்கச் சொல்வார்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி பார்த்து எழுதினாலே பாதி மார்க் வந்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பன்னிரண்டில் மேடைப்பேச்சு எழுதுதல். மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே என்று ஆரம்பித்து நன்றி வணக்கம் என்று முடித்தால் போதும், நடுவில் மானே தேனே என்று எதைப் போட்டாலும் திருத்துகிறவர் படிக்கமாட்டார். பேச்சை எழுதச் சொன்னாரே தவிர, எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளையையும் எழுப்பிப் பேசச் சொன்னதில்லை. பேசினால் மார்க் கிடையாதே!

இதற்கெல்லாம் மேலே, மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று அவர் கைவசம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. காமன் பாராகிராஃப். எந்தக் கதைக்கும் எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிவைத்த ஒரே விடை. நடுவில் ஒரு கோடு மட்டும் காலியாக இருக்கும். கேள்வித்தாளைப் பார்த்துப் பாடத்தின் பெயரை அதில் நிரப்பினால் முடிந்தது வேலை. தினமும் காலைக் கூட்டம் முடிந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று அதை ராகம் போட்டுச் சொல்லும். ஆண்டுக்கு ஆண்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி. செட்டியார்பட்டி, தளவாய்புரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து, "ஐயாதுரை சார் வகுப்புல போட்டுருங்க" என்று கெஞ்சுவார்கள். அவருக்கு அதில் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

மேடையில் தர்ஷிகாவுக்கு ஆங்கிலம் எடுக்கும் நஸீபா டீச்சர் ஏறினாள். சின்ன வயசு. ஆங்கிலத்தில் அவள் பேசுவது பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. பிள்ளைகள் இடையில் புகுந்து பதில் சொன்னார்கள், அவள் சிரித்தாள். அவள் சொன்னதில் முக்கால்வாசி ஐயாதுரைக்குப் புரிந்தது. புரிந்துகொண்டு தலையாட்டுவதற்குள் அடுத்த வாக்கியம் போய்விட்டது. பிறகு தர்ஷிகாவைக் கூப்பிட்டாள்.

ஒன்பதாம் வகுப்புத் துணைப்பாடத்தில் உள்ள படகுக்காரன் கதையைத் தர்ஷிகா வாசித்தாள். இரண்டு பள்ளிக்கும் ஒரே பாடப்புத்தகம்தான். ஆற்றில் புதுப் பாலம் வந்துவிட்டது. படகில் ஏற ஆளில்லை. ஆனாலும் அந்தக் கிழவன் விடிந்ததும் வெறும் படகைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போகிறான், வெறும் படகோடு திரும்பி வருகிறான். வீட்டில் வாய் ஓயாமல் சண்டை பிடிக்கிற பிள்ளையின் குரல் அங்கே வேறு மாதிரி இருந்தது. கிழவன் பாலத்தை அண்ணாந்து பார்க்கிற இடத்தில் அவள் நிறுத்தி மூச்சு விட்டபோது கூடமே அவளோடு அண்ணாந்து பார்த்தது. அடுத்தது என்ன ஆகும் என்று ஐயாதுரைக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: இது தானும் நடத்துகிற பாடம். அதாவது, நடத்தாத பாடம். ஆண்டுதோறும் இந்தப் பக்கம் வரும்போது, "இது எக்ஸாம்ல வராது, விட்டுருங்க" என்று சொல்லி மொத்தமாகத் தாண்டிவிடுவார். அவரே அதை முழுசாகப் படித்ததில்லை.

பாதியில் நஸீபா வாசிப்பை நிறுத்தினாள். கதையின் மீதியைப் பெற்றோரில் யாராவது மேடைக்கு வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். எல்லோரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். ஐயாதுரை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"மேடம்! எங்க சார் இருக்காக மேடம்!" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பள்ளி வேன் ஓட்டும் ராம்கி. ஐயாதுரையிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன். "இராஜபாளையத்துல இங்கிலீஷ்னாலே எங்க ஐயாதுரை சார்தான். நம்ம தர்ஷிகா பாப்பா அப்பா. சார், எந்திரிங்க சார்!" அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கூட்டத்தில் தலைகள் திரும்பின. "ஆமா, சாரு!" என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குரல்கள் எழுந்தன. வந்திருந்த தகப்பன்மார்களிலும் தாய்மார்களிலும் பலர் அவருடைய பழைய வகுப்புதான். யாரோ கை தட்டினார்கள். மேடையில் தர்ஷிகா தலையை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்று அசைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே எழுந்தார். எழுந்திருக்காமல் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம், மகளின் தலையசைப்பை மிஞ்சிவிட்டது.

மைக் முன்னால் போய் நின்றார். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை தமிழில் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். சொல்ல வரவில்லை. எத்தனையோ ஆண்டாகக் காலைக்குக் காலை காதில் விழுந்த ஒன்று, தானாகப் புறப்பட்டு வந்தது.

"திஸ் இஸ் எ வெரி இன்ட்ரஸ்டிங் ஸ்டோரி. த நேம் ஆஃப் த ஸ்டோரி இஸ்… த போட்மேன். த ஆத்தர் ஹாஸ் ரிட்டன் இட் இன் எ சிம்பிள் ஸ்டைல்…"

"ஹிஸ் வேர்ட்ஸ் ஆர் லைக் பேர்ல்ஸ்!" என்றான் ராம்கி கதவோரத்திலிருந்து.

ஐயாதுரை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த வரியை அவர் தொடங்குவதற்குள் கூட்டத்திலிருந்து நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தளவாய்புரத்தில் நைட்டி கம்பெனி வைத்திருக்கிறவர் ஒருவர், மடியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், கணக்குப்பிள்ளை மாதிரி பேனா குத்தியிருந்த ஒருவர். "த ஸ்டோரி கிவ்ஸ் அஸ் எ குட் மாரல்! வீ ஷுட் ஆல் ஃபாலோ இட் இன் அவர் லைஃப்!" அதே பழைய ராகம். கடைசி வார்த்தையை வகுப்பில் இழுப்பது போலவே எல்லோரும் இழுத்தார்கள். முடித்துவிட்டுத் தங்களுக்குள் பார்த்துச் சிரித்து, விசிலடித்து, கை தட்டினார்கள். அத்தனையும் பிரியம். ஒருவர் மனசிலும் ஒரு துளி கேலி இல்லை. கேலி இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கேலி மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் இருந்தது. விஷயம் புரிந்தும் புரியாமலும் அவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முகம் புதைத்துச் சிரித்தார்கள். நஸீபா சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுவரை ஒரு தமிழ் வார்த்தைகூடப் பேசாதவள் அவரிடம் மட்டும் தமிழுக்கு மாறினாள். "ரொம்ப நன்றி சார். நீங்க உக்காருங்க சார்." தடுமாறுகிறவரைக் கைப்பிடித்து இறக்கிவிடுகிற குரல். தர்ஷிகா புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தன் ஷூவைப் பார்த்து நின்றாள். அவள் அழுதிருந்தால் ஐயாதுரை ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பார். அவள் அழவில்லை.

வெளியே வந்தபோது ராம்கி ஓடி வந்து பைக்கை ரோட்டுப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினான். "எம்புட்டு வருசமாச்சு சார்! ஒரு எழுத்து மறக்கல பாத்தீங்களா? இங்கிலீஷ்ல நமக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் சார்." பெருமையாகத்தான் சொன்னான். ஐயாதுரை அவன் தோளைத் தட்டினார். என்ன சொல்வதென்று தெரியாதபோது வாத்தியார்கள் செய்வது அது.

இராஜபாளையம் போகும் ரோட்டில் மில் பஸ்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியிருந்தது. தர்ஷிகா அவர் தோளில் ஒரு கையை வைத்துப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். திட்டினாலாவது பரவாயில்லை என்று இருந்தது. அவர்தான் ஆரம்பித்தார்.

"நல்லா வாசிச்ச தாயி."

"ம்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவமானப்பட்ட மனசுக்குச் சும்மா இருக்கத் தெரிவதில்லை. போன மானத்தைப் பக்கத்தில் இருக்கிறவரிடமாவது மீட்டுக்கொள்ளப் பார்க்கும். "மைக்கப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிருச்சு, அதான். அந்தக் கதைய நான் எங்க பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவேன் தெரியுமா? அதுவும் அந்தக் கடைசிப் பக்கம்…"

தோளில் இருந்த கை அசையவில்லை. "கடைசிப் பக்கம் நடத்துவீங்களாப்பா?"

"பின்ன? பெரிய வெள்ளம் வந்து பாலம் போயிரும்லா. ஊரே திரும்ப அந்தக் கிழவன் படகத் தேடி வரும். அந்த இடத்துல எங்க பிள்ளைக கண்ணு கலங்கிரும்."

ஒரு பஸ் எதிரே வந்து கடந்து போயிற்று. காற்றும் இரைச்சலும் அடங்கிய பிறகு, "ஆமாப்பா. நல்ல இடம் அது" என்றாள்.

ஐயாதுரைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நினைத்ததுதான் கதை. நாற்பது பாடம் பார்த்தவனுக்கு நாற்பத்தோராவது தெரியாமலா போகும்? வண்டியைச் சற்று வேகமாக விட்டார். நாளைக்கே அந்தப் பாடத்தை எடுத்து நடத்திவிட வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

ஊருக்குள் நுழையும்போது ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டிகள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றன. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து உரசுகிற மாதிரி நின்றது. ஓட்டிவந்தவர் ஜபருல்லா, செருப்புக் கடைக்காரர். பின்னால் அவர் மகள் ரிஸ்வானா, தர்ஷிகாவின் வகுப்பு. ஜபருல்லா விழாவுக்கு வரவில்லை, மகளைக் கூட்டிப்போக வாசலுக்கு மட்டும் வந்தவர்; சிரித்து வணக்கம் வைத்தார்.

"ஏட்டி தர்ஷி, சூப்பரா வாசிச்சட்டி" என்றாள் ரிஸ்வானா. "மிஸ்தான் பாதில நிறுத்திட்டாங்க. கடைசில அந்தத் தாத்தா தன் படகத் தானே உடைச்சு, பாலத்து மேல நடந்து வாரவங்க உக்காரதுக்கு பெஞ்சு செஞ்சு போடுவார்ல? அத வாசிச்சிருந்தன்னா எல்லாரும் அழுதிருப்பாங்க."

ஐயாதுரை முன்னால் இருந்த லாரியின் நம்பரைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"அது வேற கதைட்டி" என்றாள் தர்ஷிகா.

"வேற கதையா? லூசு, அதே கதைதான. மிஸ் நடத்தும்போது நீதான மொதல்ல அழுத?"

"வேற கதைன்னு சொல்லுதேன்ல!" அவள் குரல் கீச்சிட்டது. ஜபருல்லா திரும்பிப் பார்த்தார்.

ரயில் வந்தது. பெட்டிகள் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவு நீளமான ரயில் இந்தப் பாதையில் ஓடுவதாக ஐயாதுரைக்கு நினைவில்லை. திரும்பி மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்பதும் தெரியும். இரைச்சல் முடியட்டும் என்று இருந்தார். முடிந்ததும் இரண்டு பக்கமும் வண்டிகள் உறுமத் தொடங்கின.

கேட் மேலே போயிற்று. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். வலது கண்ணாடியில் தர்ஷிகாவின் முகம் தெரிந்தது. அவள் ரயில் போன திசையைப் பார்த்துக்கொண்டு, புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். அப்பா பார்க்கமாட்டார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"போங்கப்பா, ஹார்ன் அடிக்காங்க" என்றாள்.

ஐயாதுரை கையை நீட்டிக் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டு வண்டியை எடுத்தார். அதில் இப்போது தண்டவாளம் மட்டும் தெரிந்தது.