குலுக்கலில் விழுந்த துப்பாக்கி

1

நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸிலிருந்து இந்தக் கதை பிறந்தது. (இது பாதி உண்மை. மீதியை நான்காம் பகுதியில் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

என் கதைகளைப் படிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். நிச்சயதார்த்தம் நின்றுபோகும், பிறகு நடக்கும். கணவனும் மனைவியும் நூற்றைம்பது பக்கத்துக்குப் பேசாமல் இருப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் யாருக்காவது காய்ச்சல் வரும், எல்லாம் சரியாகும். துப்பாக்கி வந்ததே இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் வாழும் இந்த அமெரிக்க மலையூரில் துப்பாக்கி இல்லாத ஒரே வீடு என்னுடையதாகத்தான் இருக்கும். அப்படியும் வந்ததில்லை.

"வத்சலா, நமக்கெதுக்கு இந்தச் சுடுறதெல்லாம்? அவங்க ரெண்டு பேரையும் சேர்த்து வச்சு முடிங்க" என்று என் பதிப்பாசிரியர் போனில் சொன்னார்.

அதற்குத்தான் ஒரு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

2

இதுவரை எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

'பிப்ரவரி மாதம், சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, மளிகைக் கடையில் ரொட்டி அடுக்கிய வரிசையில் ஜாய்ஸ் குனிந்து'

நிறுத்திவிட்டேன். நான் அங்கே இல்லை. நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜாய்ஸ் குனிந்தாளா நிமிர்ந்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? செத்துப்போனவளை என் வசதிக்குக் குனியவைப்பது சரியாகப் படவில்லை.

'ஐந்து மெழுகுவர்த்திகள் காற்றில்'

வேண்டாம். டிவிக்காரர்கள் இதைத்தான் எடுத்தார்கள். மழையில் நனைந்த கரடி பொம்மைகளையும் எடுத்தார்கள். நான்காம் நாள் வேறு ஊரில் வேறு ஏதோ நடந்தது, வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

'வண்டிகள் போன மறுநாள், புல்வெளிகளில் பலகைகள் முளைத்தன.'

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன். 'போதும்' என்று சில வீடுகளில். 'எங்கள் துப்பாக்கி உரிமையைத் தொடாதே' என்று சில வீடுகளில். 'பிரார்த்திக்கிறோம்' என்று இரண்டு வகை வீடுகளிலும். எதிரெதிர் வாசல்காரர்கள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போதுகூட முகம் பார்க்காமல் இருந்தார்கள். செத்துப்போன ஐந்து பேரின் வீடுகளுக்கும் நூடுல்ஸும் சீஸும் போட்டு வேகவைத்த உணவுத் தட்டுகள் மட்டும், யார் யாருக்கு எதிரி என்று கேட்காமல் போய்க்கொண்டிருந்தன.

(கடையில் அந்த ஐந்து பேரையும் துப்பாக்கியால் சுட்டவனின் பெயரை எழுத மாட்டேன். இருபது வயது. அவனுடைய அம்மா பின்னால் வருவாள். அவள் பெயரையும் எழுத மாட்டேன், ஆனால் அது வேறு காரணத்துக்காக.)

3

இனி என் கதாநாயகனும் கதாநாயகியும்.

ரஸ் ஹோஸ்டெட்லர், அறுபத்தொரு வயது, கூரை போடுபவன், எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவன். அவன் மனைவி மார்னி, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், வியாழக்கிழமைகளில் நூலகத்தில் எனக்கு ஒத்தாசையாக இருப்பவள். ஜாய்ஸ் மார்னியின் தங்கை.

அன்று கடைக்குள் முதலில் போனவர்களில் ரஸ்ஸும் ஒருவன். மைத்துனியின்மேல் தன் தீயணைப்புக் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு வந்தான். அதன் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோட்டையும் திரும்பக் கேட்கவில்லை.

எங்கள் தீயணைப்புப் படைக்கு வருடா வருடம் வசந்தத்தில் ஒரு குலுக்கல் உண்டு. பரிசு, வேட்டைத் துப்பாக்கி. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அதுதான். சீட்டு வேண்டாமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு நம் வீட்டு அடுப்படி பற்றிக்கொண்டால் குழாயோடு ஓடி வரப்போகிறவர்கள் அவர்கள்தானே. இந்த வருடச் சீட்டுகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டன.

பிப்ரவரிக்குப் பிறகு படையினர் கூடிப் பேசினார்கள். குலுக்கலை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. வசூலை ஐந்து குடும்பங்களுக்கும் கொடுத்துவிடலாம் என்று ரஸ் சொன்னான். எல்லோரும் கண்கலங்கிக் கைதூக்கினார்கள். நோட்டீஸை ரஸ்ஸே தயாரித்தான். மேலே துப்பாக்கியின் படம். கீழே இறந்தவர்களின் பெயர்கள், மூன்றாவது ஜாய்ஸ்.

நல்லெண்ணத்தில் செய்த தவறுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்தத் தவறை இந்த ஊரில் மட்டும்தான் செய்ய முடியும்.

வியாழக்கிழமை அந்த நோட்டீஸ் முன்னால் மார்னி வெகுநேரம் நின்றாள். பிறகு என் மேசைக்கு வந்தாள். (வத்சலா இந்த ஊர் வாயில் 'வாட்ஸ்' ஆகிவிட்டாள்.)

"என் தங்கச்சி பேருக்கு மேல துப்பாக்கி. உட்கார்ந்து நிதானமா அடிச்சிருக்கான் வாட்ஸ். ஒரு எழுத்துப் பிழை இல்ல. இவன் எனக்கு எழுதுற மளிகை லிஸ்டுல வரிக்கு ரெண்டு பிழை இருக்கும்."

அன்றே ஜாய்ஸின் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜாய்ஸின் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். புல்வெளியில் 'போதும்' பலகையை நட்டாள். அதன் பிறகு தன் வீட்டுக்குத் திரும்பவில்லை.

இந்தக் கதையில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த மார்னி ரஸ்ஸிடம் திரும்புவாளா? மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

4

குலுக்கல் நாள், ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, மதியம். முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

'ரஸ் எண்ணைப் படித்தான். 318. ஓய்வுபெற்ற தபால்காரர் கிளைட் மெதுவாக எழுந்து'

கிளைட் நன்றாக வரவேயில்லை. ஒரு பிரதியில் அவருக்கு மூட்டுவலி கொடுத்தேன், இன்னொன்றில் பேத்தி கொடுத்தேன். எதைக் கொடுத்தும் உயிர் வரவில்லை. காரணம் எளிது. கிளைட் என்று யாரும் இல்லை. 318 எண் சீட்டு என்னிடம் இருந்தது.*

தீயணைப்புக் கூடத்தில் கோழிக் குழம்பு ஊற்றிய வாஃபிள் அப்பத்தில் முள்கரண்டியைக் குத்தியபடி நான் உட்கார்ந்திருந்தேன். ரஸ் மூன்றாம் முறை எண்ணைப் படித்தான். பக்கத்திலிருந்தவர் என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு என் முழங்கையைத் தூக்கிவிட்டார். கைதட்டல். நிமிர்ந்தபோது வாசலில் மார்னி, கைகளைக் கட்டிக்கொண்டு. துப்பாக்கி யார் கைக்குப் போகிறதென்று பார்க்க வந்திருந்தாள்.

விதி இதுதான். ஊர்க்கோடித் துப்பாக்கிக் கடையில் அது முப்பது நாள் இருக்கும். ஜெயித்தவர் படிவம் நிரப்பி, குற்றப் பின்னணிச் சோதனையில் தேறி, வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாமென்றாலோ முப்பது நாள் தாண்டினாலோ மறுகுலுக்கல். அதாவது, நான் மறுத்தால் துப்பாக்கி இன்னொருவர் வீட்டுக்குப் போகும். ஏற்றால் என் வீட்டுக்கு வரும்.

*முதல் பகுதியிலேயே சொல்லியிருக்கலாம். குடும்பக் கதை எழுதுகிறவள் முதல் வரியிலேயே துப்பாக்கியோடு நிற்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள் என்று பயந்தேன்.

5

மறுநாள் மாலை நான்கு மணிக்கு ரஸ்ஸின் பெரிய வண்டி என் வாசலில் நின்றது. ஐந்து நிமிடம் கழித்து ஜாய்ஸின் பழைய காரில் மார்னி. இருவருமே என்னை மட்டும் பார்க்க வந்தவர்கள். ஆளுக்கொரு நாற்காலியை இழுத்து, மேசையின் இரண்டு கோடிகளில் போட்டுக்கொண்டார்கள்.

"வாங்கிட்டு நேரா தீயணைப்புக் கூடத்துக்குக் கொண்டு வா. விபத்துல காரை வெட்டுற ரம்பம் இருக்கு. மூணு துண்டாக்கிடலாம்" என்றாள் மார்னி.

ரஸ்ஸின் முகம் சுருங்கியது. "அது மான் வேட்டைக்குண்டானது வாட்ஸ். கடையில அந்தப் பையன் வச்சிருந்தது வேற ரகம். அந்த வித்தியாசத்தை இவ கேக்கவே மாட்டேங்கிறா. நீ வாங்கிப் பூட்டி வை, போதும்."

"வித்தியாசத்தை ஜாய்ஸ்கிட்ட போய்ச் சொல்லச் சொல்லு."

"நீயே மார்னிகிட்ட சொல்லு வாட்ஸ், நான் ஒண்ணும்" என்று தொடங்கி அவன் நிறுத்திக்கொண்டான்.

இரண்டு மாதத்தில் அவர்கள் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. நடுவில் என்னை உட்காரவைத்துக்கொண்டு சொன்னாலும், பதில் பதில்தானே. நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். மறுநாளும் நான்கு மணிக்கு வந்தார்கள். மறுநாளும் யோசித்தேன்.

(நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். நான் யோசிக்கவே இல்லை.)

நாற்காலிகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. ஐந்தாம் நாள், அவன் இருமலுக்கு மருந்து சாப்பிட்டானா என்று அவள் என்னிடம் கேட்டாள். எட்டாம் நாள், நாய் எப்படி இருக்கிறது என்று அவன் மேசையிலிருந்த எலுமிச்சைக் கேக்கிடம் கேட்டான்.

பதினோராம் நாள், துப்பாக்கிகளை யாரிடமிருந்தும் யாரும் எடுக்க விடக் கூடாது என்று ரஸ் தன் வழக்கமான பேச்சைப் பேசிக்கொண்டிருந்தான். பாதியில் நின்றுவிட்டான்.

"அந்தப் பையனோட அம்மா டிசம்பர்ல என்னைத் தேடி வந்தா" என்றான். "எங்க கூடத்துல பிங்கோ ஆட்டம் முடிஞ்சு நாற்காலி அடுக்கிட்டிருந்தேன். மகன் சரியில்ல, அறையில இருக்கிற துப்பாக்கியெல்லாம் எடுத்து உங்க கூடத்துல பூட்டி வைக்க முடியுமான்னு கேட்டா. போலீஸ்ல கேட்டாளாம், அப்படி எடுக்கச் சட்டம் இல்லைன்னாங்களாம். நானும் அதையேதான் சொன்னேன். அவன் வயசுக்கு வந்தவன், அது அவன் பொருள்னு சொன்னேன். ஒரு நாற்காலியை எடுத்து அடுக்கிக் கொடுத்துட்டுப் போனா."

இந்த இடத்தில் என் பழைய கதைகளில் மழை பெய்யும். அன்று பெய்யவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் மார்னி.

"சொன்னா நீ போயிடுவேன்னு நினைச்சேன்."

"சொல்லாமலேதான் போயிட்டேனே, முட்டாள்."

நோட்டீஸை அவள் கைப்பையில் மடித்து வைத்திருந்தாள். அன்றிலிருந்தே வைத்திருந்திருக்கிறாள். அதை எடுத்து வெற்றுப் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் தள்ளினாள்.

"அவ கேட்டதை எழுது. ஒரு அம்மா வந்து கேட்டா, யார் கேக்கணும், யார் எடுக்கணும், எத்தனை நாள் வைக்கணும். எழுது."

"எல்லாத்தையும் தடை பண்ணணும்னு எழுத மாட்டேன்."

"அதை நான் தனித் தாள்ல எழுதிக்கறேன். நீ இதை எழுது."

6

இதுதான் நான் எழுதவே தேவையில்லாத பகுதி. ஊரே பார்த்தது.

சட்டமன்ற உறுப்பினர் பள்ளிக்கூட விளையாட்டரங்கில் பொதுக்கூட்டம் கூட்டியிருந்தார். ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் ஒரு மணி நேரம், இரண்டு வகைப் பலகைகளுக்கும் வாய் முளைத்ததுபோல இருந்தது. ரஸ்ஸின் முறை வந்தபோது அவன் முழுதாக ஒரு நிமிடம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து அவன் படையைச் சேர்ந்தவரே ஒருவர் குரல் கொடுத்தார்: "என்ன ரஸ், பொண்டாட்டி எழுதிக் கொடுத்ததா?"

"பாதி. எழுத்துப் பிழையெல்லாம் என்னோடது."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டிசம்பர் பற்றிச் சொல்லிவிட்டான். நாற்காலிகளைப் பற்றியும். தன்னிடம் ஒன்பது துப்பாக்கி இருக்கிறது, விற்கப் போவதில்லை, ஆனால் ஒரு அம்மா கேட்டால் எடுத்து வைக்கும் இந்தச் சட்டம் இருந்திருந்தால் ஐந்து பேர் இருந்திருப்பார்களோ என்னவோ, அந்த 'என்னவோ'வோடு தன்னால் தூங்க முடியவில்லை என்றான்.

படையினர் இருவர் எழுந்து வெளியே போனார்கள். குரல் கொடுத்தவர் போகவில்லை. கூட்டம் முடிந்ததும் மேசையருகே வந்து, தாளை இரண்டு முறை படித்து, கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. பெரிய வரிசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிரெதிர் வாசல்காரர்கள் இருவர் அதில் முன்னும் பின்னுமாக நின்றார்கள்.

சட்டம் வருமா? தெரியாது. உறுப்பினர் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் ஒரு பெண், கோட்டைக் கழற்றாமல், கூட்டம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு யாரும் அவளோடு பேசியதில்லை. மார்னி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கற்பனை செய்யவும் மாட்டேன்.

7

என்னிடம் இருக்கும் முடிவுகள்:

மறுகுலுக்கலில் இறந்துபோன ஜாய்ஸின் சீட்டு விழுகிறது. (அவளும் வாங்கியிருந்தாள், உண்மைதான். பதிப்பாசிரியர் இதைக் கேட்டதும் "அடடா" என்றார். அந்த 'அடடா'வுக்காகவே இது வேண்டாம்.)

ரஸ் ரம்பத்தை எடுத்து, துப்பாக்கியைத் தானே மூன்று துண்டாக்குகிறான். (மார்னியின் முடிவு.)

நான் அதை வாங்கி ரஸ்ஸிடம் கொடுக்கிறேன். நவம்பரில் மான் இறைச்சி வருகிறது. (ரஸ்ஸின் முடிவு.)

அடுத்த வருடம் பரிசு, இறைச்சி நிரப்பிய ஒரு பெரிய குளிர்பெட்டி. (இது முடிவல்ல. படை நேற்று கைதூக்கி முடிவெடுத்துவிட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் ரஸ்.)

துப்பாக்கியைப் பற்றி மட்டும் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. திறந்தால் நாளைக்கு நான்கு மணிக்கு யார் வருவார்கள்? கதையை முடிக்காமல் வைத்திருப்பது இதுவரை எனக்குச் சோம்பேறித்தனமாக இருந்தது. இந்த ஒரு மாதம் அதுதான் என் வேலை.

8

இன்று இருபத்தேழாம் நாள். மணி நான்காகப் போகிறது. எலுமிச்சைக் கேக் தயார். நாற்காலிகள் மேசையின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நான் போடவில்லை, நேற்று அவர்கள் விட்டுப்போன இடம் அது.

'மார்னி முதலில் வருவாளா, ரஸ்ஸா என்று வாசலில் நான்'

நிறுத்துகிறேன். வண்டிச் சத்தம் கேட்கிறது.

இரண்டாவது வண்டிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு வண்டிதான், ரஸ்ஸினுடையது, அதன் உறுமல் எனக்குத் தெரியும். ஆனால் கதவு சாத்தும் ஓசை இரண்டு. பிறகு ஜாய்ஸின் நாய் குரைத்தது.

துப்பாக்கிக் கடைக்குப் போக இன்னும் மூன்று நாள் இருக்கிறது. படிவம் இதோ, குளிர்சாதனப் பெட்டியின்மேல் காந்தத்தில் தொங்குகிறது, நிரப்பாமல். துப்பாக்கியை என்ன செய்வதென்று நீங்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும்.