இடது பக்கம் இரண்டு விரல்

கப்பல் மறுபடியும் லேட்.

வெளிநாட்டில் சூப்பர்வைசர் வேலை, தங்க வீடும் உண்டு என்று முன்னால் கிளம்பிப் போயிருந்த கணவர் போனில் இதைச் சொன்னபோது, திரைச்சீலை தைக்கிறவள் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, இன்னொரு அட்டைப்பெட்டியின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுச் சாமான் மொத்தமும் கப்பலேறக் காத்துக் கூடத்தில் பெட்டிகளாக அடுக்கிக் கிடந்தது. தையல் மெஷினும் அதற்குள்தான். வாடிக்கைக்காரர்களை எல்லாம் வேறு கடைக்கு அனுப்பியாகிவிட்டது. மாதக் கடைசியில் வீட்டுச் சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

"துறைமுகத்துல ஒரே நெரிசலாம்மா. சாமான் இங்க வந்து இறங்கட்டும், உடனே உனக்கு டிக்கெட் போட்டுடறேன்."

கப்பல்கள் தாமதமாவது பொய்யில்லை. டிவியிலேயே காட்டினார்கள், நடுக்கடலில் வரிசைகட்டி நின்றிருந்தன. ஆனால் பெண்டாட்டி வருவது தள்ளிப்போகிறதே என்று ஒரு மனுஷன் சலித்துக்கொள்ள வேண்டாமா? இவர் குரலில் சலிப்பே இல்லை. தேர்வு தள்ளிப்போன பையன் மாதிரி அல்லவா பேசினார்.

பால் பாக்கெட்டையே இரண்டு முறை முகர்ந்து பார்க்கிறவள் அவள். கல்யாணமான புதிதிலேயே அவர் 'போலீஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். போலீஸ் இப்போது முழுநேர வேலையில் இறங்கியது.

முதலில், கட்டிலை அனுப்ப வேண்டாம் என்றார். சரி, பாரம். பிறகு நிலைக்கண்ணாடி வேண்டாம் என்றார். சரி, உடையும். பிறகு சாப்பாட்டு மேசையும் வேண்டாமாம். வீடியோவில் கூப்பிட்டால் எப்போதும் ஒரே வெள்ளைச் சுவர். அதை ஒட்டி நின்றபடியே பேசுவார். "வீட்டைக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்களேன்" என்றால் உடனே நெட் போய்விடும்.

இதையெல்லாம் கேட்ட தங்கை எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினாள்.

"கட்டில் வேண்டாம், கண்ணாடி வேண்டாம்னா என்னக்கா அர்த்தம்? ரெண்டும் அங்க ஏற்கெனவே இருக்குன்னு அர்த்தம். கண்ணாடி ஆம்பளைக்கு எதுக்கு?"

"வாயை மூடுடி" என்றாள் அக்கா. ஆனால் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. தாலி கட்டினவர், தையல் மெஷினைக் கழற்றினால் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூவை எடுத்துக்கொடுத்து வாழ்ந்தவர், அப்படிச் செய்வாரா? செய்ய மாட்டார் என்று மனது சொன்னது. செய்தால் என்ன பண்ணுவாய் என்றும் அதே மனதுதான் கேட்டது.

கடைசியில் தன் தொழிலிலேயே ஒரு தூண்டிலைப் போட்டாள்.

"புது வீட்டு ஜன்னலை அளந்து சொல்லுங்க. சும்மா இருக்கற நேரத்துல திரை வெட்டி வச்சுக்கறேன்."

அப்புறம், அப்புறம் என்று தட்டிக்கழித்தார். அவளும் விடவில்லை. ஒருநாள் காலையில் குரல்செய்தி வந்தது. நீளம், அகலம் சொல்லிவிட்டு, "இடது பக்கம் மட்டும் ரெண்டு விரல் ஜாஸ்தி, பாத்துக்கோ" என்று முடித்திருந்தார்.

அவளுக்கு உயிர் வந்தது. ஜன்னல் இருக்கிறது என்றால் வீடு இருக்கிறது. திரைக்கு அளவு சொல்கிறவர் வீட்டில் வேறொருத்தி எப்படி இருப்பாள்? பீரோவுக்கு மேல் மிஞ்சியிருந்த நீலத் துணியை எடுத்துப் பெட்டிகளின் மேல் விரித்தாள். சாக்கட்டியை வைத்ததும் கை தானாக ஓடியது. டேப்பைப் பார்க்காமலே ஓடியது.

கை நின்றது.

எந்த வீட்டு அளவு இது, இப்படிக் கைக்குப் பழகியிருக்க?

எழுந்து போய்க் கூடத்து ஜன்னலில் டேப்பைப் பிடித்தாள். கொத்தனார் கோணலாகக் கட்டிவைத்த ஜன்னல் அது. புதுத் திரை மாட்டும்போதெல்லாம் அவர்தான் முக்காலி மேல் ஏறி நின்று அளப்பார். கடைசியில் மறக்காமல், "இடது பக்கம் மட்டும் ரெண்டு விரல் ஜாஸ்தி" என்பார். இதே இழுவையில்தான்.

அடுத்த நிமிடம், சாமானைக் கட்டிவைத்துக் கப்பலில் ஏற்ற வேண்டிய ஏஜெண்டுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஓடாதது கப்பலா, எங்க வீட்டுக்காரரா?"

அவர் கொஞ்ச நேரம் இருமினார். "முதல் கப்பல் நெஜமாவே லேட்டும்மா. அதுக்கப்புறம் ரெண்டு கப்பல் போயிடுச்சு. நான் சொல்ற வரைக்கும் ஏத்தாதீங்கன்னு சார்தான் சொன்னாரு. என்னை மாட்டிவிட்டுடாதீங்க."

கணவரைக் கூப்பிட்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அளவு சொன்னீங்களே, அது நம்ம ஜன்னலு. அங்க ஜன்னலே கிடையாது, இல்ல? யார் வீட்டுல இருக்கீங்க?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "வேலை இருக்கு போலீஸ். சூப்பர்வைசர் வேலை இல்ல, பழைய மெக்கானிக் வேலைதான். வீடு தரேன்னவங்க தரல. ஒரு ரூம்ல ஆறு பேர் இருக்கோம்" என்றார்.

"அதுல பொம்பளை?"

"ஆறும் ஆம்பளை. நாலு பேர் குறட்டை."

சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இன்னொருத்தி இல்லை என்ற நிம்மதி ஒரு கணம்கூட நிற்கவில்லை. இத்தனை நாள் ஒரு கப்பலைச் சாக்கு வைத்துக்கொண்டு, சுவரோரம் நின்று, இந்த மனுஷன் தனியாகக் கிடந்திருக்கிறாரே என்ற கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"பெட்டி கட்டி உக்காந்திருக்கறவகிட்ட எப்படிம்மா சொல்றது? இன்னும் கொஞ்ச நாள்ல ஒரு வீடு பாத்துடலாம்னு இருந்தேன். கப்பல் லேட்டானது நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பெட்டிகளை நகர்த்த ஆரம்பித்தாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் சாவி இப்போதைக்கு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மெஷின் இருந்த பெட்டி அடியில் கிடந்தது. அதைக் கிழித்துத் திறந்தாள்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. நீங்க எதுல படுக்கறீங்க?"

"ரெண்டடுக்குக் கட்டில். எனக்குக் கீழ்த்தட்டு. ராத்திரி ஷிப்டுக்காரங்க லைட்டைப் போட்டா மூஞ்சில அடிக்கும். துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கேன்."

"டேப் கையில இருக்கா?"

"இருக்கு."

"அந்தக் கட்டிலை அளந்து சொல்லுங்க. இந்தத் தடவை நெஜமாவே அளக்கணும்."

அங்கே டேப் இழுபடும் சத்தம் கேட்டது. அவர் நீளம் சொன்னார், உயரம் சொன்னார். அப்புறம், "ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கு" என்றார்.

நீலத் துணியில் போட்ட கோட்டை அவள் உள்ளங்கையால் அழித்துவிட்டு, புது அளவைப் போட்டாள்.