கட்டிங் மாஸ்டரின் கை நடுக்கம்

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தையல் கூடத்தின் கட்டிங் மாஸ்டர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதை மறைத்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு மெஷின்களும் ஒரே மூச்சில் வாயடைத்துப் போயின.

"யாரும் தொடாதீங்க. வெட்டுற மெஷினுக்குள்ள பேசுறாங்க. கரண்ட் வந்தா என் கையை எடுத்துடுவாங்களாம்."

மேஜையில் நீலத் துணி எண்பது அடுக்கு பாதி வெட்டியபடி கிடந்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தவர்கள், அவர் முகத்தைப் பார்த்ததும் கப்சிப். முதலாளியம்மா பதறாமல் மாஸ்டரின் அக்காவுக்குப் போன் போட்டார்.

மாஸ்டருக்கு மனச்சிதைவு நோய் வந்து ஆறு வருடமாகிறது. கூடத்தில் முதலாளியம்மா ஒருவருக்குத்தான் அது தெரியும். மாஸ்டருக்குக் கேட்பவை இரண்டு குரல்கள். ஒன்று அவர் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே வரும்: சட்டை போடுகிறான், படி இறங்குகிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மற்றது மிரட்டும். மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டும் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தன.

நோய் வந்த புதிதில் அக்கா வாதாடிப் பார்த்தவர். சுவருக்குப் பின்னால் ஆள் நிற்கிறது என்று தம்பி சொன்னபோது, தரதரவென்று இழுத்துப்போய், "பாரு, ஒரு ஈ காக்கா இருக்கா?" என்று கத்தினார். அக்காவும் அவர்கள் ஆள்தான் என்று முடிவுகட்டிய தம்பி, நான்கு மாதம் அவரிடம் வாய் திறக்கவில்லை.

இன்று வந்த அக்கா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்குக் கேக்கலையாக்கா?"

"எனக்குக் கேக்கலடா. உனக்குக் கேக்குதுன்னு நம்புறேன். பயமா இருக்கா?"

"கை போயிடும்க்கா."

"அப்ப இங்க நிக்க வேணாம். டாக்டர்கிட்ட போலாம். நாம கிளம்புற வரைக்கும் யாரும் சுவிட்சைப் போட மாட்டாங்க. சொல்லிட்டேன்."

அவர் சுவிட்சை விட்டு நகர முக்கால் மணி நேரம் ஆனது. காரில் போகும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று வாரமாக மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்திருக்கிறார்.

"மாத்திரை போட்டா கை நடுங்குதுக்கா. சாக்பீஸ் கோடு கோணிக்கிட்டுப் போகுது. ரெண்டு தடவை காலர் சின்னதாப் போச்சு. வெட்டத் தெரியாதவனுக்கு மாஸ்டர்னு பேரு எதுக்கு?"

டாக்டர் கேட்டார்: "இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சத்தம் கேக்குதா, தூக்கம் வருதான்னு கேட்டீங்க. கையைப் பத்திக் கேக்கலையே."

டாக்டர் ஒரு தாளை நகர்த்தி, கோடு போடச் சொன்னார். கோடு நெளிந்தது. மாத்திரையை மாற்றினார். பக்கத்தில் இருந்த அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமும் மாத்திரைப் பட்டையைப் பார்த்தவர், டம்ளரைப் பிடிக்கும் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

புது மாத்திரையில் முதல் மாதம் முழுக்கத் தூக்கம். பிறகு நடுக்கம் குறைந்தது. ஆறு வாரம் கழித்து மாஸ்டர் வேலைக்குத் திரும்பினார். மெஷின் பக்கம் இப்போதைக்கு வேண்டாம், துணியில் அளவு குறிக்கும் வேலை மட்டும் போதும் என்றார் முதலாளியம்மா. அது அவருக்குக் கசந்தது. ஆனாலும் சரி என்றார்.

முதல் நாள் டீ நேரத்தில் எல்லோரும் அவரைப் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் தானே பேச்சை எடுத்தார்.

"எனக்கு மனச்சிதைவு நோய். இல்லாத குரல் காதுல விழும். மருந்து சாப்பிடுறேன். யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன். கேக்கணும்னா கேளுங்க."

சட்டைக்குக் கை வைக்கும் தையல்காரர்தான் கேட்டார். "இப்பவும் கேக்குதா மாஸ்டர்? என்ன சொல்லுது?"

மாஸ்டர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "டீ குடிக்கிறான், ஆறிப்போச்சுங்குது."

கூடம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். பட்டன் துளைக்குக் காஜா போடும் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை; மறுநாள் தன் மெஷினைக் கோடியில் தள்ளிப் போட்டுக்கொண்டார். மாஸ்டர் அதைக் கவனித்தார். அந்த அம்மாளின் துணியிலும் காஜா வரவேண்டிய இடங்களை மற்றவர்களுக்குப் போலவே புள்ளி பிசகாமல் குறித்து அனுப்பினார்.