நெப்டியூன் மேசை

வியாழக்கிழமை காலை. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்து மேட்டுத் தெருவில் தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தோள்பைக்குள் புத்தகங்களைத் திணித்துக்கொண்டிருந்தாள் பெவர்லி ஹெப்வொர்த். ஐம்பதைத் தாண்டிய வயதில் முதுகில் பை மாட்டிக்கொண்டு லீட்ஸுக்கு ரயில் ஏறுவது அவளுக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

"காலேஜ் பொண்ணு கிளம்பியாச்சா? மதியத்துக்கு சாண்ட்விச் கட்டித் தரட்டுமா, இல்ல பசங்களோட சேர்ந்து பீட்சா தின்னுக்குவியா?" என்று கேட்டான் கணவன் நைஜல்.

"கிண்டல் போதும். அந்தக் குடைய எடு."

பெவர்லி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். எழுத்துகளைக் கண்டு தடுமாறும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கலுக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் பள்ளிக்கு வேண்டும், யார் படிக்கப் போகிறீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். பெவர்லி கை தூக்கினாள். வாரத்தில் ஒரு நாள் சம்பளம் போகும், போகட்டும். தெரிந்த விஷயத்துக்கு ஒரு பட்டம் வாங்கி வரப் போகிறோம், அவ்வளவுதான் என்று நினைத்தாள். இந்த நினைப்பு வாத்தியார்களுக்கு மட்டுமே வரும்.

அன்றைக்கு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்தவர் பேராசிரியர் சைமா. பெவர்லியின் மகள் வயதுதான் இருக்கும். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டார்.

"வாசிக்க வராத பிள்ளையோட அம்மாகிட்ட, 'வீட்டுல தினமும் உக்காந்து வாசிங்க, எல்லாம் சரியாயிடும்'னு எத்தனை பேர் சொல்லியிருக்கீங்க?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பெவர்லியின் கை முதலில் உயர்ந்தது, கொஞ்சம் பெருமையாகவே.

"டிஸ்லெக்சியா சோம்பேறித்தனத்தால வர்றது இல்ல. வீட்டுல புத்தகம் இல்லாததால வர்றதும் இல்ல. நிறைய நேரம் குடும்பத்துலயே ஓடி வரும். அந்த அம்மாவுக்கே வாசிக்க வராம இருந்திருந்தா? நீங்க சொன்னது அவங்க காதுல எப்படி விழுந்திருக்கும்?"

தூக்கிய கைகளை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. பெவர்லி தன் கையைத் தலைமுடிக்குக் கொண்டுபோய்ச் சும்மா கோதிக்கொண்டாள். நான் நல்ல மனசோடுதானே சொன்னேன் என்று ரயிலில் திரும்பும் வழியெல்லாம் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. வகுப்பறையில் பெரியவர்களுக்கென்று நாற்காலி கிடையாது. எட்டு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில்தான் தாயும் தகப்பனும் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தவுடனே பாதிப் பேருக்குத் தாங்களே தப்புச் செய்தவர்கள்போல ஒரு முகம் வந்துவிடும்.

கார்ல் ஆக்ராய்டுக்கும் வந்தது. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன், வாட்டசாட்டமான ஆள். பெவர்லி வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவளிடம் படித்தவன். இப்போது அவன் மகள் எஸ்மி அவள் வகுப்பில் இருக்கிறாள். சுட்டியான பெண். வாயைத் திறந்தால் மூடாது, புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.

"எஸ்மியோட அம்மா ஷெல்லி வரலயா?" என்று கேட்டாள் பெவர்லி.

"அவளால வர முடியல மிஸ்."

பெவர்லி விஷயத்துக்கு வந்தாள். எஸ்மிக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம், பேராசிரியர் மேற்பார்வையில் தானே சோதித்துப் பார்க்கிறேன், தெரிந்துவிட்டால் வேறு முறையில் சொல்லிக்கொடுக்கலாம், பெற்றோர் சம்மதம் மட்டும் வேண்டும் என்றாள்.

"வேண்டாம் மிஸ்," என்றான் கார்ல்.

"ஏன்?"

"என்னைய முள்ளெலி மேசையில உக்கார வச்சீங்க, ஞாபகம் இருக்கா? நல்லா வாசிக்கிறவங்களுக்குக் கழுகு மேசை, சுமாரா வாசிக்கிறவங்களுக்கு ராபின் குருவி மேசை, வாசிக்க வராதவங்களுக்கு முள்ளெலி மேசை. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சீங்க. மொத்த வகுப்புக்கும் தெரியும், முள்ளெலின்னா மக்குன்னு."

"இப்பல்லாம் அப்படிப் பேரு வைக்கிறதில்ல கார்ல். கோள்களோட பேருதான் வைக்கிறோம்."

"எஸ்மி எதுல இருக்கா?"

"நெப்டியூன்."

"சூரியனுக்குப் பக்கத்துல இருக்குற கோளுதானே மிஸ் அது?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் அவளைப் பார்த்தான்.

பெவர்லிக்கு முகம் சிவந்தது; சூரியனிலிருந்து ஆகக் கடைசியில் இருக்கும் கோள் அது. நல்ல பெயராக வைத்தால் பிள்ளைகள் நொந்துபோக மாட்டார்கள் என்று நம்பி ஒவ்வொரு வருஷமும் யோசித்து யோசித்துப் பெயர் வைக்கிறவள் அவள்.

கார்ல் எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பினான். "டெஸ்ட் பண்ணணும்னா முதல்ல என்னைய பண்ணுங்க. உள்ள என்ன கேக்குறீங்க, எப்படிக் கேக்குறீங்கன்னு பாக்குறேன். அதுக்கப்புறம் என் பொண்ண விடலாமா வேண்டாமான்னு சொல்றேன்."

பயிற்சிக்காக வயது வந்த ஒருவரையும் அவள் சோதித்தாக வேண்டியிருந்தது. சைமா சம்மதித்தார். பள்ளி முடிந்த ஒரு பிற்பகலில், இசைக் கருவிகள் அடுக்கிய சின்ன அறையில் கார்ல் வந்து உட்கார்ந்தான். கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னால் அவள் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அடுக்கிவிட்டான். அர்த்தமில்லாத சொற்களை உரக்க வாசிக்கச் சொன்னபோதுதான் அந்தப் பெரிய உடம்பு குறுகிப்போனது. நெற்றியில் வேர்வை. அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது இதே வேர்வையைப் பார்த்துவிட்டு, 'முயற்சியே செய்ய மாட்டேன் என்கிறான்' என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

சைமா எல்லாவற்றையும் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகு கார்லை அதே அறைக்கு வரச்சொன்னாள் பெவர்லி. வெளியே மழை பிடித்திருந்தது.

"உனக்கு டிஸ்லெக்சியா இருக்கு கார்ல். லேசா இல்ல, நல்லாவே இருக்கு. இத வச்சுக்கிட்டு நீ இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்."

"அப்ப இது சோம்பேறித்தனம் இல்ல."

"இல்ல."

"வீட்டுல யாரும் சரியா வாசிச்சுக் காட்டாததால வந்ததும் இல்ல."

"இல்லவே இல்ல."

கார்ல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "இத எங்கம்மாகிட்ட சொல்லணும் மிஸ். போன மார்ச்ல போயிட்டாங்க."

பெவர்லி கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க அம்மாவக் கூப்பிட்டுச் சொன்னீங்க, தினமும் ராத்திரி வாசிங்கன்னு. அம்மா டாஃபி ஃபாக்டரியில நாள்பூரா நின்னுட்டு வந்து, கால் வீங்கிப்போய் என் கட்டில்ல உக்காந்து தினமும் வாசிப்பாங்க. அருமையான கதையா இருக்கும். ஆனா அவங்க சொன்ன வார்த்தை ஒண்ணுகூட அந்தப் பக்கத்துல எனக்குத் தட்டுப்படாது. நான்தான் அவ்வளவு மக்குன்னு நினைச்சேன். அப்புறம் பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அம்மாவுக்கு வாசிக்கவே தெரியாது. படத்தப் பாத்துக் கதை கட்டியிருக்காங்க."

"ஐயோ, கார்ல்..."

"கடைசியா ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுட்டுச் சொன்னாங்க. 'மிஸ் அன்னைக்கே சொன்னாங்கடா. நான்தான் ஒழுங்காச் செய்யல'ன்னு."

பெவர்லி கார்லின் அம்மா டோரீன் ஆக்ராய்டின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. ஒவ்வொரு தாய்க்கும் பத்து நிமிஷம், எல்லோருக்கும் ஒரே வாக்கியம். சொன்னவள் அடுத்த தாயைக் கூப்பிட்டுவிட்டாள். கேட்டவள் அதைச் சாகும்வரை சுமந்திருக்கிறாள்.

"என்னைய மன்னிச்சுடு," என்றாள்.

"எங்கிட்ட கேட்டு என்ன மிஸ் ஆகப்போகுது? கேக்க வேண்டியவங்க இல்ல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னொருத்தி இருக்கா. வெளிய வேன்ல உக்காந்திருக்கா."

"ஷெல்லியா? ஏன் உள்ள வரல?"

"அக்டோபர்ல அவகிட்டயும் அதையேதான் சொன்னீங்க. அவ நல்லா வாசிப்பா. அதுக்கு முன்னாடியே தினமும் வாசிச்சுட்டுத்தான் இருந்தா, அது போதலயோன்னு முதியோர் இல்லத்துல சாயங்கால ஷிஃப்ட்டையும் விட்டுட்டு உக்காந்து வாசிக்கிறா. எஸ்மி அப்படியேதான் இருக்கா. உங்க முகத்துல முழிக்கவே அவளுக்கு வெக்கம்."

பெவர்லி கோட்டை எடுக்கவில்லை, குடையையும் எடுக்கவில்லை. மழையில் நடந்துபோய் வேனின் ஜன்னலைத் தட்டினாள். ஷெல்லி கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"இன்னும் என்ன செய்யணும்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லம்மா. நீ செஞ்சதுல ஒரு குறையும் இல்லன்னு சொல்ல வந்தேன். அக்டோபர்ல நான் சொன்னது தப்பு."

ஷெல்லி அவளையே பார்த்தாள். கண் கலங்கியது, குரல் மட்டும் இறங்கவில்லை. "அத அக்டோபர்லயே சொல்லியிருக்கலாமே."

"எனக்கு அப்பத் தெரியல."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே! நான் ஒரு நல்ல அம்மாவே இல்லன்னு இத்தனை மாசமா அழுதுட்டு இருக்கேன்."

பெவர்லியின் தலையிலிருந்து மழை வழிந்துகொண்டிருந்தது. ஷெல்லி பக்கத்து இருக்கையில் கிடந்த பையை எடுத்துப் பின்னால் போட்டாள்.

"உள்ள வாங்க, நனையாதீங்க. எஸ்மிக்கு எப்ப டெஸ்ட்?"

"நீ சரின்னா வர்ற வாரமே. அவளுக்குச் சொல்லித்தர வேற வழி இருக்கு, நானே சொல்லித்தர்றேன்."

"சரி." பெவர்லி வேனுக்குள் ஏறி உட்கார்ந்ததும் ஷெல்லி கேட்டாள்: "இதே மாதிரி எத்தனை அம்மாங்ககிட்ட சொல்லியிருப்பீங்க?"

"எல்லார்கிட்டயும்," என்றாள் பெவர்லி. "ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரலன்னா, அவங்க அம்மா என்ன செய்யலன்னு கேட்டே காலத்த ஓட்டிட்டேன். எனக்கு என்ன தெரியலன்னு ஒருநாள் கேட்டிருந்தா, டோரீன் நிம்மதியாப் போயிருப்பாங்க. வீட்டக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி சொல்லித்தர்றவங்க போய்க் கத்துக்கிட்டு வரணும் ஷெல்லி. நான் ரொம்பத் தாமதமாப் போனேன்."