மாப்பிள்ளைக்கு ஒரு சிட்டிகை

இடுக்கியின் நுனியில் புழு நெளிந்தபோது கடிகாரக்காரருக்குப் பரம திருப்தி. விரல் நீளம், இருபுறமும் வெள்ளை முள்மயிர், பார்த்தாலே குமட்டும் ஜென்மம். கடல்மீன் தொட்டியின் கற்களுக்கடியிலிருந்து ஒரு வாரமாக அவற்றைப் பிடித்து வெளியே எறிந்துகொண்டிருந்தார். கடுகளவு திருகாணியைத் தூக்கிப் பழகிய கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? விரலில் ஏறிய முட்கள்தான் விடாமல் அரித்தன. அரித்தால் அரிக்கட்டும், மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

மாப்பிள்ளை என்பது தொட்டியிலிருந்த ஒரே மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முகத்தைக் காட்டும் என்று அவர் மனைவி வைத்த பெயர். தொட்டி அவளுடையது, அவள் இருந்தவரை இவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். துணிமணிகளை மகள் எடுத்துப்போய் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அவள் விட்டுப்போனதில் மூச்சு விடுவது இது ஒன்றுதான்.

புழுக்கள் குறைந்தும் தண்ணீர் தெளியவில்லை. கலங்கி, வாடை வேறு அடித்தது. இன்று காலை மாப்பிள்ளை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியதைக் கண்டு பதறிப்போய் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரியைக் கூப்பிட்டார். அவள் வந்ததும் கல்லைப் புரட்டிப் பார்த்தாள்.

"புழுவெல்லாம் எங்க சார்?"

"பிடிச்சு எறிஞ்சுட்டேன்மா, ஒண்ணு விடாம," என்றார் பெருமையாக.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதுங்கதான சார் இத்தன நாளா உங்க மீனக் காப்பாத்திச்சு! கரையோரச் சேத்துலயும் இருக்கும், வெளிச்சமே எட்டாத ஆழத்துலயும் இருக்கும். செத்தது, மிஞ்சினதுன்னு தின்னு தின்னு கடலச் சுத்தமா வெக்கும். புழு பெருகுதுன்னா தீனி மிஞ்சுதுன்னு அர்த்தம். எத்தன தடவ போடுறீங்க?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. தனியாக உட்கார்ந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. தட்டைத் தொட்டி முன்னால் கொண்டுவந்து, தான் ஒரு வாய், அதற்கு ஒரு சிட்டிகை என்றுதான் பொழுது போகிறது. எதிரில் ஒருத்தரை வைத்துக்கொண்டு கொடுக்காமல் எப்படிச் சாப்பிடுவது?

"நான் சாப்பிடறப்ப எல்லாம்," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. பாதித் தண்ணீரை மாற்றி, கடையிலிருந்து புழுக்களோடு ஒரு கல்லை வரவழைத்து உள்ளே வைத்தாள். "காலைல ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். கண்ணாடிகிட்ட வந்து கெஞ்சும். பாவம் பாத்தீங்கன்னா மீன் தங்காது சார்."

சாயங்காலம் சமையலறையிலேயே நின்றபடி சாப்பிட்டுப் பார்த்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டோடு தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை வைத்தது. கை தானாகத் தீனி டப்பாவுக்குப் போனது.

"வேணாம் மாப்ள," என்று டப்பாவைத் தள்ளி வைத்தார். அது போகவில்லை. பார்க்கப் பொறுக்காமல் தொட்டி விளக்கை அணைத்தார்.

மங்கலில், புதுக் கல்லின் அடியிலிருந்து ஒரு புழு மெல்லத் தலையை நீட்டியது. மணலை இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. அங்கே ஒன்றுமில்லை. மறுபடியும் தடவியது. கையில் எடுத்த கவளத்தோடு அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.